ஆங்கிலச் சொல் க்விஸ் எழுதப் போகிறீர்களா? முதலில் ஒரு பேனாவை எடுங்கள்

ஆங்கிலச் சொல்வளத்தைச் சோதிக்கும் க்விஸ் ஒன்றை எழுதி முடித்ததும் எல்லாரும் பார்ப்பது கடைசியில் வரும் மதிப்பெண்ணை மட்டும்தான். 20-க்கு 14. சரி, பரவாயில்லை என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த 14-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எட்டுச் சொற்கள் நிஜமாகவே தெரிந்திருக்கும். மூன்று, எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் வந்திருக்கும். மீதி மூன்று குருட்டாம்போக்கில் விழுந்தவை. தவறிய ஆறும் அப்படித்தான். தெரியாது என்று தெரிந்தே விட்டவை சில, நன்றாகத் தெரியும் என்று நம்பிக் குறித்துத் தப்பானவை சில.

இந்தக் கடைசி வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தப்பாகத் தெரிந்து வைத்திருக்கும் சொல்லுக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. அது மனதுக்குள் ஆண்டுக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். 'எனர்வேட்' என்றால் உற்சாகமூட்டுவது என்று நான் பல வருடம் நம்பிப் படித்திருக்கிறேன். அது வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரு க்விஸ்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. கீழே சொல்லும் முறை முழுக்க அந்த மாதிரிச் சொற்களைப் பிடிப்பதற்காகத்தான்.

முதல் படி: எந்த டெஸ்ட் என்று முடிவு செய்யுங்கள்

சொல் டெஸ்ட்களில் இரண்டு வகை உண்டு. மொத்தம் எத்தனை சொல் தெரியும் என்று அளப்பது ஒன்று. அரிதான சொற்களாகப் பொறுக்கி எடுத்துத் திணறடிப்பது மற்றொன்று. புதிதாக வருகிறவர்கள் நேரே இரண்டாவதில் இறங்கி, பத்துக்கு இரண்டு வாங்கி, தனக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1989-இல் இரண்டாம் பதிப்பாக வந்த ஆக்ஸ்ஃபோர்டின் 20 தொகுதி அகராதியில், இன்றும் வழக்கில் உள்ளவை என்ற கணக்கில் மட்டும் 1,71,476 சொற்கள் இருக்கின்றன. அதிலிருந்து பத்துச் சொற்களைப் பொறுக்கி யாரை வேண்டுமானாலும் திணறடிக்கலாம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதில் தப்ப முடியாது.

அதனால் முதலில் அளவு டெஸ்ட். நியூஸிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன், டேவிட் பெக்லாருடன் சேர்ந்து 2007-இல் அறிமுகப்படுத்திய 'வொக்காபுலரி சைஸ் டெஸ்ட்' இதற்கு நல்ல தொடக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொற்களை, புழக்கத்தின் வரிசைப்படி ஆயிரம் ஆயிரமாக 14 அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்குப் பத்துக் கேள்வி வீதம் 140 கேள்விகள் கேட்கும். சரியான விடைகளை 100-ஆல் பெருக்கினால் உங்கள் சொல் அளவு. இங்கே ஒரு சொல் என்பது ஒரு குடும்பம். ஹெல்ப், ஹெல்பர், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான்.

எவ்வளவு இருந்தால் போதும்? நாவலையோ செய்தித்தாளையோ அகராதி இல்லாமல் சிரமப்படாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. பக்கத்தில் உள்ள நூறு சொற்களில் 98 தெரிந்திருந்தால்தான் மீதி இரண்டைச் சூழலை வைத்து ஊகிக்க முடியும் என்பதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

140 கேள்விக்கு நேரம் இல்லை என்றால் 'லெக்ஸ்டேல்' இருக்கிறது. 2012-இல் வந்தது. இதில் அர்த்தமே கேட்பதில்லை. 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது ஆங்கிலச் சொல்தானா, ஆமா இல்லையா என்று மட்டும் கேட்கும். அவற்றில் 40 நிஜச் சொற்கள், 20 ஆங்கிலச் சாயலில் உருவாக்கிய போலிகள். எல்லாவற்றுக்கும் 'ஆமா' போட்டால் போலிகளில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் கடினமான க்விஸுக்கு வரலாம்.

இரண்டாம் படி: ஆப்ஷனைப் பார்க்கும் முன் எழுதுங்கள்

மொத்த முறையும் இந்த ஒரு பழக்கத்தில்தான் நிற்கிறது. எந்த க்விஸாக இருந்தாலும் நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் பாருங்கள். அதன் பொருளைத் தாளில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஒரே சொல்லில் வராவிட்டால் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'ஏதோ கெட்ட அர்த்தம்', 'பெரிய மனுஷங்க பேசுற சொல்' என்றெல்லாம் தோன்றினால், அது பொருள் இல்லை. வெறும் வாசனை.

எழுதியதும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் 'உ'. ஊகம் என்றால் 'ஊ'. தெரியாவிட்டால் 'தெ'. இந்தக் குறியை விடையைப் பார்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பார்த்த பிறகு போட்டால், 'இது எனக்குத் தெரிஞ்சதுதானே' என்று மனம் நம்மைச் சமாதானப்படுத்திவிடும். இது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஏன் மறைக்கச் சொல்கிறேன் என்றால், ஆப்ஷன்களே பாதி வேலையைச் செய்துவிடும். இரண்டு விடை பொருந்தாது என்று தள்ளினால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது, காசைச் சுண்டிப் போடுவது மாதிரிதான். வாசிக்கும்போது எந்தப் புத்தகமும் ஆப்ஷன் தருவதில்லை.

ஒரே அமர்வில் 20 சொற்களுக்கு மேல் வேண்டாம். கடிகாரமும் வேண்டாம். வேகத்தைச் சோதிப்பது வேறு விஷயம்.

இப்போதே ஒரு சுற்று

தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பத்துச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, உ, ஊ, தெ என்று குறியும் போட்ட பிறகு விடைக்கு வாருங்கள்.

1. எனர்வேட்
2. நாய்ஸம்
3. பெனல்டிமேட்
4. டிஸ்இன்டரஸ்டட்
5. ரெஸ்டிவ்
6. வெஸ்டுலன்ட்
7. எக்ரீஜஸ்
8. லகோனிக்
9. மெரிட்ரிஷஸ்
10. சாங்க்‌ஷன்

எழுதியாயிற்றா? சரி, பார்க்கலாம்.

எனர்வேட்: வலுவிழக்கச் செய்வது, சோர வைப்பது. காதில் 'எனர்ஜி' என்று விழுவதுதான் சிக்கல். லத்தீனில் 'நெர்வுஸ்' என்றால் தசைநாண். அதை உருவி எடுத்துவிட்டால் உடம்பு எப்படித் துவண்டு போகுமோ, அதுதான் இந்தச் சொல்.

நாய்ஸம்: சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'அனாய்' என்ற சொல்லின் முன்பாதி தேய்ந்து, கடைசியில் 'ஸம்' ஒட்டி வந்தது. குமட்டும் நாற்றம் அடிக்கிற, கெடுதல் தருகிற என்று பொருள்.

பெனல்டிமேட்: மிக உயர்ந்தது, உச்சம் என்று எழுதியிருந்தால் நீங்கள் தனியாள் இல்லை. 'அல்டிமேட்'டை விட ஒரு படி மேலே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் கடைசிக்கு முந்தையது. 'பேனே' என்றால் லத்தீனில் கிட்டத்தட்ட. கிட்டத்தட்டக் கடைசி.

டிஸ்இன்டரஸ்டட்: இங்கே 'இன்டரஸ்ட்' என்பது ஆர்வம் இல்லை, சொந்த ஆதாயம். ஆகவே பாரபட்சம் இல்லாத, நடுநிலையான. வழக்கை விசாரிக்கும் நீதிபதி டிஸ்இன்டரஸ்டடாக இருக்க வேண்டும், அன்இன்டரஸ்டடாக இருக்கக் கூடாது. ஆர்வமற்ற என்ற பொருளிலும் இதைப் புழங்குகிறார்கள், அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன. ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் இரண்டையும் பிரித்தே வைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். பிரித்து வைத்தால் நம்மிடம் இரண்டு சொல் இருக்கும், கலந்துவிட்டால் ஒன்றுதான்.

ரெஸ்டிவ்: ஓய்வு என்று குறித்திருந்தால் நேர் எதிர். நிலைகொள்ளாத, பொறுமை இழந்த. ஒரு காலத்தில், நகர மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் குதிரைக்குச் சொன்ன சொல் இது. அடங்காமல் முரண்டு பிடிக்கும் கூட்டத்துக்கு இன்று பொருந்துகிறது.

வெஸ்டுலன்ட்: அப்படி ஒரு சொல்லே இல்லை. நான் இட்டுக்கட்டியது. லெக்ஸ்டேல் செய்வதை இங்கேயும் செய்து பார்த்தேன். இதற்கு 'உ' போட்டிருந்தால், மற்ற ஒன்பதில் நீங்கள் போட்ட 'உ'க்களையும் இன்னொரு முறை சந்தேகத்தோடு பாருங்கள்.

எக்ரீஜஸ்: லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் இது புகழ்ச்சியாகவும் இருந்தது. இன்று, கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமான என்ற பொருளில்தான் வருகிறது. அதே மந்தைதான் கூட்டத்தோடு இருக்கப் பிடிக்கிற 'கிரிகேரியஸ்', ஒன்றுகூடும் 'காங்கிரிகேட்', பிரித்து ஒதுக்கும் 'செக்ரிகேட்' எல்லாவற்றிலும் நிற்கிறது. ஒரு வேரைப் பிடித்தால் நான்கு சொல் கைக்கு வரும்.

லகோனிக்: அளந்து பேசுகிற. ஸ்பார்ட்டா இருந்த நிலப்பகுதிக்கு லகோனியா என்று பெயர். மாசிடோனிய மன்னன் பிலிப், 'நான் உங்கள் நாட்டுக்குள் வந்தால் உங்களை அழித்துவிடுவேன்' என்று ஓலை அனுப்ப, ஸ்பார்ட்டா பதிலாக எழுதியது 'வந்தால்' என்ற ஒரே சொல் என்று ஒரு பழைய கதை உண்டு. இந்தக் கதையோடு படித்தவருக்கு இந்தச் சொல் மறக்காது.

மெரிட்ரிஷஸ்: பகட்டாகத் தெரிந்து உள்ளே ஒன்றுமில்லாத. தகுதியுள்ள என்று எழுதியவர்கள் 'மெரிட்'டை நம்பியிருப்பார்கள். அந்த வேர் உண்மையில் சரிதான். சம்பாதிப்பது என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்துதான் இரண்டும் வந்தன. ஆனால் இது விலைமாதைக் குறித்த சொல் வழியாக வந்ததால் பொருள் வேறு திசையில் போய்விட்டது. வேர்ச்சொல் படிப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனாலும் வேரை வைத்து ஊகித்த விடைக்கு 'ஊ'தான் போட வேண்டும், 'உ' கூடாது.

சாங்க்‌ஷன்: அனுமதி என்று எழுதினாலும் சரி, தடை என்று எழுதினாலும் சரி. இரண்டு எதிர்ப் பொருளும் இந்த ஒரே சொல்லுக்கு உண்டு. ஒரு திட்டத்துக்குச் சாங்க்‌ஷன் கொடுப்பார்கள், ஒரு நாட்டின் மீது சாங்க்‌ஷன் விதிப்பார்கள். ஒன்றை மட்டும் எழுதியவர்கள் அரை மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஊகத்தைக் கழித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்

நான்கு ஆப்ஷன் உள்ள டெஸ்டில், ஒன்றுமே தெரியாதவருக்கும் நாலில் ஒன்று சரியாக விழும். 140 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 35 சரியாகும். அதை 100-ஆல் பெருக்கினால் 3,500 சொல் தெரியும் என்று வந்து நிற்கும்! அதனால் ஊகத்துக்கு ஒரு கழிவு வேண்டும். தவறான விடைகளை மூன்றால் வகுத்து, சரியானவற்றிலிருந்து கழியுங்கள். 40 கேள்வியில் 28 சரி, 12 தவறு என்றால், 12-ஐ மூன்றால் வகுக்க 4. உங்கள் மதிப்பெண் 24. பதில் குறிக்காமல் விட்ட கேள்விகளை இதில் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: தாளைப் பிரித்துப் படியுங்கள்

இப்போது உங்கள் குறிகளையும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

'உ' போட்டுச் சரியானவற்றை விட்டுவிடலாம். 'ஊ' போட்டுச் சரியானவற்றைத் தெரியாத கணக்கிலேயே சேருங்கள். மனசு வராது, ஆனால் சேருங்கள்.

'உ' போட்டுத் தவறியவைதான் இந்த க்விஸ் உங்களுக்குத் தந்த பரிசு. அவற்றைத் தனித் தாளில் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் நினைத்த பொருள் ஒரு பக்கம், உண்மைப் பொருள் மறுபக்கம், நடுவில் எது உங்களை ஏமாற்றியது என்று ஒரு வரி. 'எனர்ஜி போல ஒலித்தது' என்பது போல. நெடுநாள் ஊறிய தப்பு, அதனால் திருத்துவது கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் பிரேடி பட்டர்ஃபீல்ட், ஜேனட் மெட்கால்ஃப் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறாகத்தான் வந்தது. அரைகுறை நம்பிக்கையோடு செய்த தப்பைவிட, முழு நம்பிக்கையோடு செய்த தப்புதான் சரியான விடையைக் காட்டியதும் நன்றாகத் திருந்துகிறது. உறுதியாக நம்பியது பொய்த்துப் போகும்போது ஏற்படும் திடுக்கிடல் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்பது அவர்கள் தரப்பு விளக்கம். ஆகவே அந்தத் திடுக்கிடல் அடங்கும் முன், அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

'தெ' போட்டவை எல்லாவற்றையும் படித்தாக வேண்டியதில்லை. அரிதான சொற்களில் பலவற்றை வாழ்நாளில் இரண்டு முறை பார்த்தால் அதிகம். சொல் அளவு 5,000-க்குள் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு, அதிகம் புழங்கும் அடுக்குகளில் விட்டுப்போனதை முதலில் நிரப்புங்கள். கல்லூரிப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு, அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யக்கூடியது. 570 சொற்குடும்பங்கள்தான். எந்தத் துறைப் பாடநூலிலும் திரும்பத் திரும்ப வருபவை.

ஐந்தாம் படி: அட்டை

பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பெரிய பலன் இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு உரைப்பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தவர்கள், பார்க்காமல் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள்தான்.

சின்ன அட்டையின் ஒரு பக்கம், அந்தச் சொல் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள். மறுபக்கம் சொல். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று எடுத்துப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை முதல் நாளுக்குத் திரும்பும். அட்டை எழுதப் பிடிக்காதவர்களுக்கு 2006-இல் வந்த 'ஆங்கி' செயலி இந்த நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்குக் கையால் எழுதுவதுதான் ஒட்டுகிறது.

தினமும் கொஞ்சம் விளையாட்டாகப் பழக 2007-இல் தொடங்கிய 'ஃப்ரீரைஸ்' நல்லது. சரியாகச் சொன்னால் கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஒவ்வொரு சரியான விடைக்கும் சில அரிசி மணிக்கான உதவி உலக உணவுத் திட்டத்துக்குப் போகிறது.

ஆறாம் படி: உங்கள் க்விஸை நீங்களே தயாரியுங்கள்

இரண்டு மாதம் போனதும் இதைச் செய்து பாருங்கள். ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று கேள்வி தயாரிக்கும்போதுதான் பிடிபடும்.

அந்த வாரம் படித்ததிலிருந்து பத்துச் சொற்கள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். தவறான மூன்றில் ஒன்று, அந்தச் சொல்லின் ஒலி காட்டும் பொய்ப் பொருளாக இருக்கட்டும். எனர்வேட்டுக்கு 'உற்சாகமூட்டு' போல. நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். புதிதாகத் தயாரிக்கிறவர்கள் சரியான விடையை மட்டும் விளக்கமாக நீட்டி எழுதிவிடுவார்கள். விடை சொல்கிறவர்கள் நீளத்தைப் பார்த்தே குறித்துவிடுவார்கள்.

சொல்லைத் தனியாகக் கேட்காமல் வாக்கியத்தில் வைத்துக் கேட்பது இன்னும் நல்லது. மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்விலும் 2011-இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டு, வாக்கியத்தை நிரப்பும் கேள்விகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் வாக்கியமே விடையைக் கொடுத்துவிடக் கூடாது. 'சுடும் வெயில் அவனை எனர்வேட் செய்தது' என்றால் யாரும் சொல்லிவிடுவார்கள். 'அந்தக் கூட்டம் அவனை எனர்வேட் செய்தது' என்று எழுதினால்தான் தெரிந்தவர் யார் என்று தெரியும்.

தயாரித்த க்விஸை நண்பர் ஒருவருடன் மாற்றிக்கொண்டு எழுதுங்கள். அவர் போடும் 'உ'க்களில் எது தவறுகிறது என்று பாருங்கள். நீங்கள் விழுந்த அதே குழியில் அவரும் விழுந்திருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

அப்புறம் மூன்று மாதம் கழித்து, முதலில் எழுதிய அளவு டெஸ்டை மறுபடி எழுதுங்கள். முடிந்தால் வேறு கேள்விகள் உள்ள டெஸ்டாகப் பார்த்து எடுங்கள். பழைய தாளில் தேதி போட்டு வைத்திருந்தால், மொத்த மதிப்பெண்ணுக்கு முன் 'உ' போட்டுத் தவறியவற்றின் எண்ணிக்கையைத்தான் ஒப்பிட வேண்டும். 20-இல் ஐந்து இருந்தது இரண்டாகியிருந்தால், மதிப்பெண் ஏறாவிட்டாலும் உங்கள் வாசிப்பு மாறிவிட்டது.